முடி கருகும் வாசனை

கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே எங்களிடமிருந்து மூன்று பொருட்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். முதலாவது, என் வீட்டுக்காரர் தன் கையால் ஒயரிங் செய்து கொடுத்த ஆறு பிளக் ஜங்ஷன் பாக்ஸ். இரண்டாவது, புடவை மடிப்புக்காக நான் எடுத்து வந்திருந்த சின்ன இஸ்திரிப் பெட்டி. மூன்றாவது என்னுடையதல்ல, மாமியுடையது: ஒரு டப்பா கப் சாம்பிராணி. சென்னைத் துறைமுகத்தில் எக்ஸ்ரே மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த செக்யூரிட்டி அம்மா மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ட்ரையர், ஸ்ட்ரெய்ட்னர் எல்லாம் எடுத்துக்கினு போலாம்மா. இது மூணும் முடியாது. திரும்பி வரும்போது வாங்கிக்குங்க."

"ஜங்ஷன் பாக்ஸ் இல்லாம நான் எப்டிம்மா வேலை செய்றது? கல்யாணப் பொண்ணுக்குத் தலை போடணும்."

"அனுப்பின லெட்டர்லயே போட்டிருக்குதே. படிக்கலியா?"

படிக்கவில்லை. வாட்ஸப்பில் வந்த பதினான்கு பக்கத்தை யார் படிப்பார்கள்? பதினெட்டு வருஷமாக மணப்பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்கிறவள் நான். எனக்கே ஹேர் ட்ரையர் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று ஒரு எரிச்சல். முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"வீட்ல தீப்பிடிச்சா தெருவுக்கு ஓடிடுவீங்க. கடலுக்குள்ள எங்கம்மா ஓடுவீங்க?"

டோக்கனை வாங்கிப் பர்சுக்குள் போட்டுக்கொண்டேன். மாமிக்குத்தான் மனசே ஆறவில்லை. தலைக்குக் குளித்தால் சாம்பிராணிப் புகை காட்டித்தான் காயவைக்க வேண்டும் என்று இருந்தவர் அவர். "எங்காத்துல எல்லாரும் புகை காட்டித்தான் வளர்ந்தோம், ஒரு ஆமும் எரிஞ்சு போகலை" என்று மின்தூக்கியில் ஏறும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மாமி யார் என்று சொல்லிவிடுகிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலைச் சுற்றியிருக்கும் தெரு ஒன்றில் குடியிருப்பவர். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகளுக்கு அந்த வாரம்தான் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெளிநாட்டில் இருப்பவர்கள். கல்யாணம் காஞ்சிபுரத்தில், ரிசப்ஷன் மூன்று நாள் கப்பல் பயணத்தில் என்பது அவர்கள் ஏற்பாடு. பெண்ணுக்கு அலங்காரம் செய்ய என்னையும் கூட்டிப்போனார்கள்.

அது அவ்வளவு சுலபமாக நடந்துவிடவில்லை. நான் தாமல் பக்கத்துப் பெண். ஏரித் தண்ணீர் பாயும் வயலில், அடுத்தவர் நிலத்தில், நடவு நட்டுத்தான் என் அம்மா எங்களை வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சுக்காக ஒரு நல்ல புடவை. நான் பத்தாவது முடித்துவிட்டு ஒரு பட்டுக் கடையில் விற்பனைப் பெண்ணாக நான்கு வருஷம் நின்றேன். அங்கே மணப்பெண்களின் புடவையைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் தலையைப் பார்க்கும் ஆசை வந்தது. பியூட்டிஷியன் கோர்ஸ் படித்து, பிள்ளையார்பாளையத்தில் ஒரு அறை பிடித்து பார்லர் போட்டேன். மாமியின் மகள் காலேஜ் நாளிலிருந்து புருவம் திருத்த என்னிடம்தான் வருவாள். கல்யாணம் நிச்சயமானதும், "அக்காதான் எனக்குப் பண்ணணும்" என்று ஒரே பிடிவாதம். அந்தத் தெருவில் அதுவரை எனக்கு ஒரு கல்யாணம் கூட அமைந்ததில்லை. சென்னையிலிருந்து பெரிய ஆளைக் கூப்பிடலாமே என்று சொந்தத்தில் பேச்சு எழுந்தது. மாமி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "இவ கை எனக்குத் தெரியும்."

ஆகவே எனக்கு அந்த மூன்று நாள் வெறும் வேலை இல்லை. நன்றாகச் செய்தால் அந்தத் தெருக்கள் எனக்குத் திறக்கும். சொதப்பினால் மாமியின் பேர் கெடும். அதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்றைக் கிளம்புவதற்கு முந்தின வாரம் மாமியே என் மடியில் தூக்கி வைத்தார்.

அது ஒரு புடவை. கத்திரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள் பார்டர், ஆறு கஜம். மாமியின் கல்யாணத்தில் நலங்குக்குக் கட்டிக்கொண்டது. மாமியின் அப்பா திருமுக்கூடல் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூட வாத்தியார். மகளைப் பட்டு ஊரில் கட்டிக்கொடுக்கிறோமே என்று தானே காஞ்சிபுரம் வந்து, தறி போட்டிருந்த ஒரு வீட்டில் சொல்லி நெய்து வாங்கினாராம். நலங்கின்போது மாமியின் நாத்தனார், அதாவது மாமாவின் அக்கா, அந்த முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம்: "பட்டு மாதிரியே இருக்கே!"

அவ்வளவுதான். எல்லாரும் சிரித்தார்கள். மாமியின் அப்பாவும் சேர்ந்து சிரித்தாராம். முப்பத்துநாலு வருஷம் ஆகிறது. மாமி அதற்குப் பிறகு அந்தப் புடவையைக் கட்டவே இல்லை.

"சோதிச்சுப் பாக்கலியா மாமி? ஒரு நூல் இழுத்தா போதுமே" என்று கேட்டேன். எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். ஒரு நூலை இழுத்துக் கொளுத்த வேண்டும். சுத்தப் பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும். சாம்பல் விரலில் பட்டதும் பொடியாக உதிரும். கலப்பு நூல் என்றால் பிளாஸ்டிக் மாதிரி உருகி, நுனியில் கெட்டியாக ஒரு உருண்டை நிற்கும். பட்டுக் கடையில் சந்தேகப்படுகிற வாடிக்கையாளர் முன்னால் நான் எத்தனை நூலைக் கொளுத்தியிருப்பேன் என்று கணக்கே கிடையாது.

மாமி தலையை அசைத்தார். "எதுக்கு? கலப்புன்னு வந்துடுத்துன்னா? எங்கப்பாவை யாரோ ஏமாத்திட்டான்னு நான் தெரிஞ்சுக்கணுமா? இல்லே, அவரே தெரிஞ்சுதான் வாங்கினார்னு தெரிஞ்சுக்கணுமா?" பிறகு புடவையை என் பக்கம் தள்ளினார். "ரிசப்ஷனுக்கு இவ இதைத்தான் கட்டிக்கணும். நாத்தனாரும் வரா. அவ கண்ணெதிர்ல கட்டிண்டு நிக்கட்டும். நீ பட்டுக் கடையில இருந்தவ, தொட்டாலே தெரிஞ்சுடும் உனக்கு. ஒண்ணும் சொல்லிடாதே. நான் கேக்கலை."

நான் சொல்லவில்லை. உண்மையில் எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பழைய புடவை, கஞ்சியெல்லாம் போய்த் துவண்டு கிடந்தது. குறுக்கே ஓடும் ஊடையில் மட்டும் செயற்கை நூல் சேர்த்துவிட்டால் கை ஏமாந்துபோகும். கடையில் என்னைவிடப் பழைய ஆட்களே ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆக, கப்பலில் எனக்கு ஒப்படைக்கப்பட்டது ஒரு பெண்ணின் தலையும், இன்னொரு பெண் முப்பத்துநாலு வருஷமாக வாய் திறக்காமல் வைத்திருந்த ஒரு கேள்வியும்.

மாமியின் கேபினில்தான் அலங்காரம். எங்கள் பார்லரைவிடக் கொஞ்சம் சின்ன அறை. சேர்த்துப் போட்ட இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஒரு கண்ணாடி. ஜன்னலுக்கு வெளியே முழுக்க முழுக்கத் தண்ணீர். மாமா மேல் தளத்தில் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மேஜைமேல் நகைப் பெட்டிகளும் பூவும் ஏறிவிட்டதால் நான் கட்டில்மேல் கடை விரித்தேன். அது என் முதல் தப்பு. கட்டில் என்பது மெத்தை, விரிப்பு, தலையணை, அத்தனையும் எரியக்கூடியது. சூடான சாமானை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஊரில் ஒரு நாளும் வேலை செய்ததில்லை.

பிளக் கதை தனி. மேஜைக்கு மேலே சுவரில் இரண்டு இருந்தன. ஒன்று தட்டைக் காலுக்கு, ஒன்று உருண்டைக் காலுக்கு. பாத்ரூமில் ஒன்று இருந்தது, அதில் ஷேவருக்கு மட்டும் என்று படம் போட்டிருந்தது. உருண்டைக் காலில் மாமியின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. என்னிடம்தான் எல்லா நாட்டு பிளக்கும் போகிற அடாப்டர் இருக்கிறதே என்று ஸ்ட்ரெய்ட்னரைத் தட்டைக் காலில் சொருகினேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. கையால் தொடலாம் போல இளஞ்சூடாக நின்றது. இன்னா இது, கடலுக்கு வந்ததும் இதுக்கும் தலை சுத்துதா என்று திட்டிக்கொண்டே டயலைக் கடைசிவரை திருப்பினேன். அப்போதும் அதே கதைதான்.

அடாப்டர் என்பது காலின் வடிவத்தைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது என்பது எனக்கு அன்று தெரியாது. தட்டைக் காலில் வருவது நம் வீட்டுக் கரண்டில் பாதி. உருண்டைக் காலில் வருவதுதான் நம்முடையது. பிற்பாடு வீட்டுக்காரர் இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அன்று நான் செய்தது இவ்வளவுதான்: மாமியின் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஸ்ட்ரெய்ட்னரை உருண்டைக் காலுக்கு மாற்றினேன். டயல் கடைசியில் நிற்பதை மறந்தே போனேன்.

அன்று, பயணத்தின் இரண்டாம் நாள், சாயங்காலம் ஆறரைக்கு ரிசப்ஷன். ஐந்து மணிக்கு மணப்பெண் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நிற்கிறாள். புருஷனோடு நீச்சல் குளத்தில் இறங்கிவிட்டாளாம்.

"தலையை நனைக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி!" என்றார் மாமி.

"ஒரே ஒரு டைவ்மா!"

"அந்தத் தண்ணியில மருந்து இருக்குது. முடி கயிறு மாதிரி ஆயிடும். போய் ஷாம்பு போட்டு நல்லா அலசிக்கினு வா" என்று அவளைப் பாத்ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். எரிச்சல் இருந்தாலும் உள்ளே அவள் பாடிக்கொண்டே குளித்ததைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அவள் வருவதற்குள் புடவையை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் மணப்பெண்ணுக்குப் புடவையை அப்படியே கட்டுவதில்லை. முந்தானை மடிப்பு, கொசுவ மடிப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி வைத்துவிடுவோம். கட்டும்போது பத்து நிமிஷம்தான். என் இஸ்திரிப் பெட்டி துறைமுகத்தில் கிடக்கிறது. அதனால் என்ன? அவசரத்துக்கு முந்தானை மடிப்பை ஸ்ட்ரெய்ட்னரால் ஓட்டுவது எங்கள் தொழிலில் பாதிப் பேர் செய்கிற வேலை. துணிக்கு நடுவே ஒரு கைக்குட்டை வைத்து, நிற்காமல் ஓட்ட வேண்டும். அப்படித்தான் ஓட்டினேன். முந்தானை கத்தி மாதிரி வந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாமி மேஜையருகே பூவைப் பிரித்துக்கொண்டிருந்தார், கை ஈரம். நான் எழுந்தேன். எழும்போது ஸ்ட்ரெய்ட்னரை வலது பக்கம் வைத்தேன்.

வலது பக்கத்தில் எப்போதும் என் எவர்சில்வர் தட்டு இருக்கும். பார்லரில் பதினெட்டு வருஷமாக முடி சுருட்டும் ராடு, ஸ்ட்ரெய்ட்னர், எது சூடாக இருந்தாலும் அந்தத் தட்டில்தான் இறங்கும். கண்ணால் பார்க்கவே மாட்டேன். கை தானாகப் போகும், டங்கென்று சத்தம் வரும், நான் அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். கப்பலுக்கும் அதை எடுத்துத்தான் வந்திருந்தேன். ஆனால் மதியம் மாமி, "வெத்தலை பாக்கு வெச்சு நீட்ட ஒரு தட்டு இல்லையே" என்று தவித்தபோது நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அன்று டங்கென்று சத்தம் வரவில்லை. வராததை நான் கவனிக்கவில்லை.

வாசலில் நின்றது நாத்தனார். எழுபது வயசு, நிமிர்ந்த முதுகு, வைரத்தோடு, எதையும் தேய்த்துப் பார்க்கும் கண். "தட்டு ரெடியா? அவாத்து மனுஷா எல்லாரும் மேலே வந்தாச்சு" என்று உள்ளே வந்தார். மாமி தட்டைக் கொடுத்தார். வெற்றிலை போதுமா, பழம் ஏன் குறைச்சல், பெண் இன்னும் ஏன் தயாராகவில்லை என்று விசாரணை நீண்டது. பெண் எங்கே என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நான் கை கட்டிக்கொண்டு நின்றேன். மூன்று நான்கு நிமிஷம் போயிருக்கும்.

நாத்தனார் மூக்கைச் சுளித்தார். "என்ன இது, முடி கருகற வாசனை?"

"தலை பண்றாளோன்னோ, அதான்" என்றார் மாமி.

"ஆமா மாமி, லேசா வரும்" என்றேன் நானும். பதினெட்டு வருஷமாக எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்லும் பதில். வாய் தானாகச் சொல்லிற்று.

பாத்ரூமுக்குள்ளிருந்து தண்ணீர் சத்தம். பாட்டு இன்னும் முடியவில்லை.

அவள் தலை நனைந்திருக்கிறது. அவள் தலையை நான் இன்னும் தொடவே இல்லை. அப்படியானால் கருகுவது யார் முடி?

திரும்பினேன். கட்டில்மேல் கத்திரிப்பூ நிறத்துக்கு நடுவே ஸ்ட்ரெய்ட்னர் படுத்திருக்கிறது. பக்கத்திலிருந்து நூல் மாதிரிப் புகை. ஓடிப்போய் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகுதான் ஸ்ட்ரெய்ட்னரைத் தூக்கி மேஜைமேல், கண்ணாடிப் பலகையில் வைத்தேன். புடவையை வாரிச் சுருட்டி, கருகிய இடத்தை ஈரத் துண்டால் அழுத்தினேன். படுக்கை விரிப்பில் பழுப்பாக ஒரு கோடு. மெத்தையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தேன். சூடு இல்லை. புகையும் நின்றது. மேலே கூரையில் சிவப்பு விளக்கோடு ஒரு கருவி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அது கத்தவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் கத்தியிருக்கும். எண்ணூறு பேர் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு படியில் நின்றிருப்பார்கள்.

துண்டை எடுத்தேன். கொசுவத்துக்குப் போகும் பகுதியில், கட்டைவிரல் அகலத்துக்கு, கறுப்பாக ஒரு ஓட்டை.

என் தொழில் போயிற்று, அந்தத் தெரு போயிற்று என்பதெல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது மாமியின் முகம் மட்டும்தான். ஒரு பெண்ணுக்கு அவள் அப்பா நெய்து வாங்கித் தந்த புடவையை, எந்த நாத்தனார் முன்னால் அது நிமிர்ந்து நிற்க வேண்டுமோ அவர் முன்னாலேயே எரித்துவிட்டேனே.

"மாமி, நான்தான் வெச்சேன். பாக்காம வெச்சிட்டேன். என் தப்புதான்."

மாமி என்னைப் பார்க்கவில்லை. ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உருண்டை இருக்கா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் ஓட்டையின் ஓரத்தை விரலால் பிடித்தேன். ஈரம் படாத இடமாகப் பார்த்து, நீளவாக்கில் ஓடும் பாவு நூல் பக்கம் ஒரு தடவை, ஊடை நூல் பக்கம் ஒரு தடவை நசுக்கினேன். பட்டுக் கடையில் நின்ற நான்கு வருஷமும் என் விரல் நுனிக்கு வந்து நின்றது. இரண்டு பக்கமும் உதிர்ந்தது. கெட்டியாக ஒரு மணல் அளவுக்குக் கூட எதுவும் தட்டுப்படவில்லை.

"இல்ல மாமி. பொடிதான். ரெண்டு பக்கமும் பொடி."

மாமி கையை நீட்டினார். உள்ளங்கையில் உதிர்த்தேன். ஆள்காட்டி விரலால் அவர் தேய்க்கத் தேய்க்க அது கண் மைபோல நைந்து ரேகைக்குள் இறங்கியது. பிறகு தலையைத் தூக்கி நாத்தனாரைப் பார்த்தார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"அக்கா, உள்ளே வந்ததும் என்ன வாசனைன்னு சொன்னேள்?"

நாத்தனார் தட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்டையைப் பார்த்தார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, எல்லாம் புரிந்துவிட்டது. "முடி" என்றார்.

"முடிதானே?"

"முடிதான்." தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "நான் அன்னிக்கு ஏதோ விளையாட்டா…"

"முப்பத்துநாலு வருஷமா விளையாடிண்டிருக்கேளே அக்கா" என்றார் மாமி. சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கரி படிந்த கையை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். "உங்களைச் சொல்லி என்ன? நானும்தானே சந்தேகப்பட்டேன். எங்கப்பா கடைசிவரைக்கும், தறிகிட்ட நின்னு நெய்யறதைப் பாத்து வாங்கினேன் குழந்தேன்னு சொல்லிண்டே போனார். நான் சரிப்பா, சரிப்பான்னேன். ஒரு நாளும் நம்பலை."

அப்போதுதான் பாத்ரூம் கதவு திறந்தது. தலையில் துண்டோடு மணப்பெண் எட்டிப் பார்த்தாள். அம்மா அழுகிறாள், அத்தை கல்லாக நிற்கிறாள், நான் கையெல்லாம் கரியோடு நிற்கிறேன். "என்னாச்சு? என்ன எரிஞ்சுது?"

"உங்க தாத்தா வாங்கின பட்டு" என்றார் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்: "பட்டுடி, சுத்தப் பட்டு!"

அதற்குப் பிறகு நடந்தது முழுக்க ஓட்டம். நான் போனை எடுத்துக் கேபின் ஆளை வரவழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் மெத்தையைப் புரட்டிப் பார்த்து, விரிப்பை மாற்றி, மேலே தகவல் கொடுத்தார். ஒரு அதிகாரி வந்தார். ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் திட்டு வாங்கினேன். எனக்குப் புரிந்த வார்த்தைகள் குறைவு, புரிய வேண்டியது எல்லாம் புரிந்தது. என் ஸ்ட்ரெய்ட்னர், ட்ரையர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதி இருந்தது மேஜை இழுப்பறையில் கப்பல்காரர்களே வைத்திருந்த ட்ரையர். பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும், விரலை எடுத்தால் நின்றுவிடும். முந்தின நாள் அதை எவ்வளவு திட்டினேன்! மறந்து வைத்துவிட்டுப் போகிறவர்களுக்காகவே யாரோ யோசித்துச் செய்த சாமான் அது என்பது அன்றுதான் விளங்கியது.

ஒரே ஒரு பிளக், ஒரே ஒரு ட்ரையர், நாற்பது நிமிஷம். சுருட்டை, அடுக்கு, கொண்டை என்று நான் போட்டிருந்த திட்டமெல்லாம் போயிற்று. முடியைக் காயவைத்து, நடு வகிடு எடுத்து, தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, முழுக்க மல்லிகை வைத்தேன். புடவையின் ஓட்டை கொசுவத்தின் மூன்றாவது மடிப்புக்குள் போகும்படி மடிப்பைக் கணக்கிட்டுக் கட்டினேன். நான் கொசுவம் எடுக்கும்போது கீழே உட்கார்ந்து நுனியை இழுத்துப் பிடித்துக்கொடுத்தது யார் தெரியுமா? நாத்தனார். முட்டி வலிக்கிறது என்று படியேறாதவர், தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பாகச் சரி செய்தார். அவர் கையை எடுத்தபோது முகத்தைப் பார்த்தேன். வெட்கம் இருந்தது. கொஞ்சம் நிம்மதியும் இருந்தாற்போல எனக்குப் பட்டது.

மேலே மண்டபத்தில் மாப்பிள்ளையின் பாட்டி மணப்பெண்ணின் முந்தானையைத் தொட்டு, "நல்ல புடவை, புதுசா?" என்று கேட்டார். மாமி பதில் சொல்ல வாய் எடுப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார். "எங்க தம்பி ஆம்படையாளுக்கு அவ அப்பா வாங்கினது. தறிகிட்ட நின்னு வாங்கினது. இப்பல்லாம் இந்த மாதிரிப் பட்டு எங்கே கிடைக்கறது?" மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பந்திப் பக்கம் பார்க்கிறவள்போலத் திரும்பிக்கொண்டேன். இல்லாவிட்டால் அங்கேயே அழுதிருப்பேன்.

அதன் பிறகு இன்னும் இரண்டு கப்பல் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பதினான்கு பக்க லெட்டரை இப்போது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படிக்கிறேன். இரண்டு கரண்டிலும் ஓடக்கூடிய, சும்மா கிடந்தால் தானே அணையும் ஸ்ட்ரெய்ட்னர் ஒன்று வாங்கினேன். மேஜையைக் காலி செய்து கொடுத்தால்தான் வேலையை ஆரம்பிப்பேன்; கட்டில் பக்கம் சூடான சாமானோடு போவதில்லை. யார் கதவைத் தட்டினாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் தொட்டுப் பார்க்கிறேன். பட்டுப் புடவையை இஸ்திரிக் கடைக்குத்தான் கொடுக்கிறேன், அதுவும் கப்பலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளே. எவர்சில்வர் தட்டு இரண்டாக எடுத்துப்போகிறேன். வெற்றிலை பாக்குக்கு ஒன்று கேட்டால் கொடுக்க வேண்டுமே.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து மாமி பார்லருக்கு வந்தார். அந்தத் தெருவிலேயே இன்னொரு பெண்ணுக்குக் கல்யாணம், என் நம்பரைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பையிலிருந்து புடவையையும் எடுத்தார். மாமாவின் பிறந்தநாளுக்குக் கட்டிக்கொள்ளப் போகிறாராம், மடிப்பு எடுத்துத் தர வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் நல்ல இழை ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். பட்டில் ஓட்டை விழுந்தால் அதே நிற நூலெடுத்து, இருந்த இடம் தெரியாமல் அடைத்துவிடுவார். என் செலவில் செய்து தருகிறேன், இந்த ஒரு உதவியாவது செய்ய விடுங்கள் மாமி என்று கெஞ்சினேன்.

மாமி ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே தலையை அசைத்தார்.

"வேண்டாம்மா. அடைச்சுட்டா, பட்டுன்னு நான் எதைக் காட்டிச் சொல்றது?"